உலாவியில் சேமித்த கடவுச்சொற்களில் பாதி காணவில்லை. மீட்க வழி உண்டா?

பலகாரக்கடை (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டோடு சேர்ந்த சிறிய பலகாரக்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை ஆகியவற்றைக் கூரியரில் வெளியூர்களுக்கு அனுப்புவதுதான் வியாபாரத்தின் பெரும்பகுதி. அதனால் கூரியர் நிறுவனம், வங்கி, சரக்கு சேவை வரி, மின்கட்டணம், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று பதினொரு தளங்களில் எனக்குக் கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஆண்ட்ராய்டு கைப்பேசியில், குரோம் உலாவியில்தான் திறக்கிறேன். கடவுச்சொல்லைச் சேமித்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கும்போதெல்லாம் சரி என்று அழுத்திவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமலேயே காலம் தள்ளிவிட்டேன்.

சென்ற வாரம் காலையில் கூரியர் தளத்தைத் திறந்தால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வழக்கம்போல நிரம்பவில்லை. அமைப்புகளுக்குள் போய்ச் சேமித்த பட்டியலைப் பார்த்தபோது, என்னுடைய பதினொன்றில் ஆறு இல்லை. ஐந்து மட்டும் இருக்கின்றன. நான் ஒருநாளும் திறந்திராத சிங்கப்பூர்த் தளங்கள் நான்கைந்தும் அதே பட்டியலில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இந்தக் கைப்பேசி முதலில் சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணனுடையது. எங்கள் அப்பச்சியின் (தந்தையின்) எழுபது வயது விழாவான பீமரத சாந்திக்கு வந்திருந்தபோது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் என் சிம்மைப் போட்டு, என் ஜிமெயிலையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவேளை அந்தத் தளங்கள் பழைய மிச்சமாக இருக்கலாம். நினைவகம் நிறைந்துவிட்டது என்று பத்து நாள்களுக்கு முன்பு ஒரு கைப்பேசிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கினேன். அதனால் அழிந்திருக்குமோ என்றும் ஐயமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு தொல்லைகள் உள்ளன. வரித் தளத்தில் கடவுச்சொல்லை மாற்றியபோது, சேமித்ததையும் மாற்றிவிடட்டுமா என்று உலாவி கேட்டதற்கு அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் பழையதையே நிரப்பிப் பிழை காட்டுகிறது. மின்கட்டணத் தளத்திலோ சேமிக்கட்டுமா என்று கேட்பதையே உலாவி நிறுத்திவிட்டது. அடுத்த மாதம் புதுக் கைப்பேசி வாங்கிக்கொண்டு, இதைக் கடையில் பொட்டலம் கட்டும் தம்பியிடம் ஆர்டர் எடுப்பதற்காகக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். திரையைத் திறக்கும் நான்கு இலக்க எண் அவனுக்கு இப்போதே தெரியும். நல்ல பிள்ளைதான், ஆனாலும் வங்கிக் கணக்கின் சாவியை அவன் கையில் கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா)

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். கைப்பேசிக் கடைக்காரர் மேல் எனக்கு ஐயம் இல்லை. நினைவகத்தைக் காலி செய்யும்போது வழக்கமாக அழிப்பது தற்காலிகக் கோப்புகளையும் படங்களின் எச்சங்களையும்தான். உலாவல் தரவை அழிக்கும் பக்கத்தில் சேமித்த கடவுச்சொற்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் உண்டு. எல்லாக் காலத்துக்கும் சேர்த்து அதையும் தெரியாமல் தேர்ந்தெடுத்திருந்தால் பதினொன்றும் ஒருசேரப் போயிருக்க வேண்டும். ஆறு போய் ஐந்து எஞ்சியிருப்பதைப் பார்த்தால், ஒரு மனிதர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்திருக்கிறார் என்றே தோன்றுகிறது. அந்த மனிதர் உங்கள் அண்ணனாக இருக்கக்கூடும்.

காரணத்தைச் சொல்கிறேன். குரோமில் கணக்கோடு நுழைந்து பயன்படுத்தும்போது சேமிக்கும் கடவுச்சொல், கைப்பேசியோடு நின்றுவிடுவதில்லை. எந்தக் கூகுள் கணக்கில் நுழைந்திருக்கிறோமோ அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. அதே கணக்கில் நுழைந்திருக்கும் வேறு எந்தக் கருவியிலும் அது தெரியும். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். ஜிமெயில் செயலியில் உங்கள் முகவரியைச் சேர்த்ததால் குரோமும் உங்கள் கணக்குக்கு மாறிவிடாது. ஒரே கைப்பேசியில் இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம். உலாவி அவற்றில் ஒன்றைத்தான் தன் கணக்காக வைத்துக்கொள்ளும். குரோமின் மூன்று புள்ளிகளை அழுத்தி அமைப்புகளுக்குப் போனால் மேலேயே ஒரு பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். அங்கே அண்ணனின் முகவரி இருந்தால், மூன்று ஆண்டுகளாக உங்கள் கடையின் கடவுச்சொற்களை எல்லாம் அவருடைய கணக்கில்தான் சேமித்து வந்திருக்கிறீர்கள். சிங்கப்பூர்த் தளங்களும் பழைய மிச்சம் அல்ல. அவர் இன்றைக்கும் பயன்படுத்துபவையாக இருக்கும். அவர் தம் கைப்பேசியில் பட்டியலைப் பார்த்து, காரைக்குடி மின்கட்டணமும் கூரியரும் நம் கணக்கில் எப்படி வந்தன என்று திகைத்து நீக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. எதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மீட்பதற்கு ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. அண்ணனின் கணக்கு நுழைந்திருக்கும் கணினி ஏதேனும் வீட்டில் இருந்து, அது சில வாரங்களாக இணையத்தோடு சேராமல் கிடக்கிறதென்றால், அழித்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அதை இயக்குவதற்கு முன்பே வீட்டு வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு குரோமைத் திறந்து கடவுச்சொல் பட்டியலுக்குப் போனால் பழைய பிரதி அப்படியே இருக்கக்கூடும்; கண் குறியை அழுத்தி ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொள்ளலாம். வரிசை மாறக் கூடாது: இணையம் சேர்ந்து சில நொடிகள் ஆனாலும் அந்தப் பிரதியும் ஒத்திசைந்து அழிந்துவிடும். அப்படிக் கணினி எதுவும் இல்லையென்றால், ஒவ்வொரு தளத்திலும் கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற வழியாகப் போய்ப் புதிதாக வைத்துக்கொள்வதுதான் முறை. பெரும்பாலும் ஓடிபி உங்கள் சிம்முக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும் என்பதால், அலைச்சல் உண்டே தவிர நட்டம் இல்லை.

சிறிய தொல்லைகள் இரண்டும் எளியவை. பட்டியலில் வரித் தளத்தின் பெயரை அழுத்தினால் திரைப்பூட்டைக் கேட்டுவிட்டு உள்ளே விடும். அங்கே திருத்து என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய கடவுச்சொல்லை எழுதிவிடலாம். மின்கட்டணத் தளத்தில் எப்போதோ ஒருநாள், இந்தத் தளத்துக்கு ஒருபோதும் சேமிக்க வேண்டாம் என்பதை அழுத்தியிருப்பீர்கள். சேமித்த பட்டியல் இருக்கும் கடவுச்சொல் நிர்வாகியின் அமைப்புகளில், மறுக்கப்பட்ட தளங்கள் என்று தனிப் பட்டியல் உண்டு. அதிலிருந்து அந்தத் தளத்தை நீக்கிவிட்டால் மறுபடி கேட்கத் தொடங்கும்.

பழைய காசாளர் (பள்ளத்தூர்)

ஆச்சி அவர்களுக்கு என் ஆசிகள். 34 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஊர்களில் வளவை (வீட்டின் நடு முற்றத்தை)ச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி அறை கொடுத்து, அந்த அறைச் சாவியை அந்தப் புள்ளியிடமே (மகனின் குடும்பத்திடமே) கொடுத்துவைத்தார்கள். ஒரே அடுப்பங்கரைப் பகுதியைப் பயன்படுத்தியவர்கள்கூட அறைச் சாவியைப் பொதுவில் மாட்டி வைக்கவில்லை. பதினொரு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து, அந்த வளையத்தையும் அண்ணன் பெயரில் உள்ள கணக்கில் மாட்டிவிட்டு, பொட்டலம் கட்டும் தம்பிக்கு அது தொங்கும் ஆணியையும் காட்டிவிட்டீர்கள். என் கருத்தில், வங்கிக் கடவுச்சொல்லை எந்த உலாவியிலும் சேமிக்கவே கூடாது. ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்து மாற்றிவர வேண்டும். நாங்கள் பணியில் இருந்தவரை அப்படித்தான் செய்தோம், பழுது வரவில்லை.

கோட்டையூர் நிரலாளன்

ஐயா அவர்கள் சாவி வளையம் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் குறிப்பேட்டையும் மூன்று மாத மாற்றத்தையும் பற்றிப் பணிவோடு மாறுபட வேண்டியிருக்கிறது.

குறிப்பேட்டில் இல்லாத ஒரு நன்மை உலாவிக்கு உண்டு. எந்தத் தளத்தில் கடவுச்சொல்லைச் சேமித்தோமோ அந்தத் தளத்தின் முகவரியோடு சேர்த்தே அது நினைவில் வைத்துக்கொள்கிறது. உங்கள் வங்கியின் பக்கத்தைப் போலவே நிறமும் முத்திரையும் அமைத்து, முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலிப் பக்கத்தின் இணைப்பு குறுஞ்செய்தியில் வந்தால், நம் கண்கள் ஏமாறக்கூடும்; உலாவி முகவரியைத்தான் பார்க்கும் என்பதால் அங்கே நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் பக்கம் ஒருநாள் நிரம்பாமல் வெறுமையாக நின்றால், தட்டச்சு செய்யத் தொடங்காமல் முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். குறிப்பேட்டைப் பார்த்துத் தட்டுபவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. அதோடு, கையால் எழுதிப் பார்த்துத் தட்டுகிறவர்கள் காலப்போக்கில் எளிய சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாத் தளங்களுக்கும் அதையே வைத்துவிடுகிறார்கள். கூரியர் தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லே வங்கியையும் திறந்துவிடும் நிலை அப்படித்தான் வருகிறது.

குறிப்பிட்ட கால இடைவெளியில் கட்டாயமாக மாற்றச் சொல்லும் வழக்கத்தை, அதைப் பரப்பிய இடமே கைவிட்டுவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே, அந்த அறிவுரைக்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் வந்த புதிய வழிகாட்டி, கசிந்ததற்கான சான்று இருந்தால் மட்டும் மாற்றச் சொல்கிறது. குறியீடுகளின் கலவையைவிட நீளத்துக்கு முதன்மை தருகிறது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்ட அனுபவம். கசிந்ததா என்று நாம் எப்படி அறிவது என்று கேட்டால், அதற்கும் உலாவியிலேயே வழி இருக்கிறது. கூகுள் 2019 பிப்ரவரியில் கடவுச்சொல் சரிபார்ப்பு என்னும் வசதியை, உலாவியில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணைநிரலாக வெளியிட்டது. கசிந்தவை என்று தெரியவந்த 400 கோடிக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளோடு அது ஒப்பிட்டுப் பார்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் குரோமுக்குள்ளேயே அது வந்துவிட்டது. இப்போது கைப்பேசியில் கடவுச்சொல் நிர்வாகியைத் திறந்தால் கசிந்தவை, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தவை, வலுவில்லாதவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும்.

ஆச்சி அவர்களுக்கு இனி என் யோசனை. அண்ணன் கணக்கில் இருப்பவற்றை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து உங்கள் கணக்கில் இறக்குமதி செய்யும் வசதி உண்டு. பலர் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் எந்த மறைப்பும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே இருக்கும். பதிவிறக்கக் கோப்புறையில் கிடக்கும். தவறி வாட்ஸ்அப்பில் போகும். அழித்த பிறகும் குப்பைத் தொட்டியில் சில நாள்கள் தங்கும். அண்ணனின் கடவுச்சொற்களும் அதற்குள்ளேயே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சியுள்ள ஐந்தும் அண்ணனின் கணக்கில் பதிந்தவை என்பதால் அவற்றை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றப்போகும் கடவுச்சொல்லைப் பத்திரமாகப் பெயர்த்துக் கொண்டுபோவதில் பொருளில்லை. குரோமை முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு தளமாகப் போய், உலாவி பரிந்துரைக்கும் நீண்ட கடவுச்சொல்லை ஏற்று, சேமிக்கும்போது உங்கள் முகவரிதான் தெரிகிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். மின்னஞ்சலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றவற்றை மீட்கும் இணைப்புகளில் பல அங்கேதான் வரும். அதற்கு அடுத்தது வங்கி, அதற்கு அடுத்தது வரித் தளம். கூரியரும் மின்கட்டணமும் ஒருநாள் தாமதித்தாலும் குடிமுழுகிப் போகாது.

ஐயா சொன்ன குறிப்பேட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கணக்கில் வைத்த பிறகு, அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்கினால் பத்துக் காப்புக் குறியீடுகள் தருவார்கள். கைப்பேசி தொலைந்த நாளில் கணக்குக்குள் போக உதவுபவை அவையே. அவற்றையும் அதே தாளில் எழுதிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

பலகாரக்கடை (காரைக்குடி)

மூவருக்கும் மிக்க நன்றி. ரஸ்தாக்காரர் சொன்னது அப்படியே உண்மையாகிவிட்டது. குரோமின் அமைப்புகளில் அண்ணனின் முகவரிதான் இருந்தது. அண்ணனிடம் பேசினேன். புதுக் கைப்பேசி வாங்கியவர் பட்டியலைப் பார்த்து, கணக்குக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அஞ்சி, ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியிருக்கிறார். ஏழாவதற்கு வரும்போது உணவுப் பாதுகாப்பு உரிமத் தளத்தில் கடையின் பெயரே பயனர்பெயராக இருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டு, எனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்தும் போய்விட்டார்.

சாந்திக்கு வந்தபோது அப்பச்சிக்கு என்று அண்ணன் அமைத்துக் கொடுத்த மடிக்கணினி ஒன்று வீட்டின் இரண்டாம் கட்டு (உள்பகுதி) அலமாரியில் ஒரு மாதத்துக்கும் மேலாகக் கிடந்தது. வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் கடவுச்சொல் அப்பச்சிக்குத் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் திறந்திருக்காது. காணாமல் போன ஆறும் இருந்தன. ஐந்து சரியாக வேலை செய்தன. கூரியர் தளத்தின் கடவுச்சொல்லைப் போன வாரத்துக்கு முந்தைய வாரம் மாற்றியிருந்ததால் அது மட்டும் பழையதாக இருந்தது, ஓடிபி வழியாகப் புதிதாக வைத்துக்கொண்டேன். நேற்றும் இன்றும் உட்கார்ந்து எட்டுத் தளங்களில் மாற்றி என் கணக்கில் சேமித்துவிட்டேன்.

தம்பியைப் பற்றிய கேள்வி மட்டும் நிற்கிறது. கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்பு என் கணக்கை நீக்கினால் போதுமா, முழுவதையும் அழித்துத்தான் கொடுக்க வேண்டுமா? அதுவரை அவன் இதே கைப்பேசியில்தான் ஆர்டர் படங்களை எடுப்பான்.

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா)

அதுவரைக்கும் முதலில் அந்த நான்கு இலக்க எண்ணை இன்றே மாற்றிவிடுங்கள். சேமித்த பட்டியலைப் பார்க்க உலாவி கேட்பது அந்தத் திரைப்பூட்டைத்தான். அது தெரிந்தவருக்குப் பட்டியல் முழுவதும் தெரியும். தளத்தில் நிரப்புவதற்கு எல்லா நேரமும் பூட்டைக் கேட்கும் என்றும் நம்ப வேண்டாம். நிரம்பிய பிறகு அந்தத் தளத்தின் கண் குறியை அழுத்தியே கடவுச்சொல்லைப் படித்துவிடலாம். படம் எடுப்பதற்குத் திரைப்பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. பூட்டிய திரையிலிருந்தே கேமராவைத் திறந்து எடுக்கலாம் என்று தம்பிக்குக் காட்டிக் கொடுங்கள். அவன் மனமும் கோணாது.

கொடுக்கும் நாளில் முழுவதையும் அழித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அழிப்பதற்கு முன்பு கைப்பேசியின் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குப் போய், அண்ணனின் கணக்கு, உங்கள் கணக்கு இரண்டையும் நீக்குங்கள். திருட்டைத் தடுப்பதற்காக ஆண்ட்ராய்டில் 2015 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பூட்டிய கைப்பேசியை, அமைப்புகளின் வழியாக அன்றி வேறு வழியில் அழித்தால், முன்பு அதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைத் தராமல் மறுபடி இயங்க விடாது. கணக்குகளை முதலில் எடுத்துவிட்டால் அந்தச் சிக்கலே வராது. இல்லாவிட்டால் தம்பி கையில் கைப்பேசி நின்றுபோய், நள்ளிரவில் சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் பேச வேண்டிவரலாம். புதுக் கைப்பேசியில் உங்கள் கணக்கில் நுழைந்து, பதினொன்றும் வந்து சேர்ந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள்.

பழைய காசாளர் (பள்ளத்தூர்)

போலிப் பக்கத்தில் உலாவி நிரப்பாது என்பது எனக்குப் புதிய செய்தி, அதை ஏற்றுக்கொள்கிறேன். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் நான் இன்னமும் குறிப்பேட்டிலேயே வைத்திருப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதை விட்டுவிடுகிறேன். ஆச்சி, மீதி மூன்று தளங்களையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். அந்த மடிக்கணினியை மறுபடி இணையத்தில் சேர்ப்பதற்கு முன்பு, அதில் உள்ள அண்ணனின் கணக்கையும் என்ன செய்வதென்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.